சவுரியம்மாள் காட்டிய கால்

நாத்தனாரைப் புகழ்கிற அண்ணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் புகழ்வேன். சவுரியம்மாளுக்கும் எனக்கும் கல்யாணமான நாள் முதல் ஏழாம் பொருத்தம்தான். நான் கேப்பைக் கூழ் கிண்டினால் கட்டி தட்டிவிட்டது என்பாள். குழம்பு வைத்தால் புளி தூக்கல் என்பாள். ஆனாலும் முண்டியம்பாக்கத்துச் சுற்றுவட்டாரத்தில் அவளைப் போல நெஞ்சுரம் உள்ள பெண் இல்லை.

சிறு பிள்ளையில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்தவள் அவள். வைத்தியர் கட்டுப் போட்டார், வலி போனது. ஆனால் வளர வளர வலது தொடை எலும்பு முட்டிக்கு மேலே வளைந்துகொண்டே வந்தது. முட்டி உள்பக்கம் சாய்ந்தது, பாதம் வெளிப்பக்கம் விலகியது. நடந்தால் இரண்டு முட்டியும் உரசும். நடவில் எங்கள் வரிசை கரையேறிய பிறகும் அவள் சேற்றில் தனியாக நின்றுகொண்டிருப்பாள்.

என் மாமியார் அவளுக்கு ஒரு வித்தை பழக்கியிருந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வலது பாதத்தை வெளியே திருப்பி, முட்டியை லேசாக மடக்கி நிற்க வேண்டும். வளைவு தெரியாது. மீதியைக் கொசுவம் மறைத்துக்கொள்ளும். வந்தவர்களும் மெச்சுவார்கள். அவள் தண்ணீர்ச் சொம்போடு நாலு எட்டு நடந்ததும், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். போகப் போக மற்ற நேரங்களிலும் அவள் அப்படியே நிற்கப் பழகிவிட்டாள். ஒரே வீட்டில் இருந்த நானே அவள் முட்டியை முழுதாகப் பார்த்ததில்லை.

உலகச் சண்டைக் காலத்தில், நாற்பத்து மூன்றில், அந்த முட்டி வீங்கி, காலை ஊன்றினாலே உயிர்போகிற வலி எடுத்தது. அவளுடைய அண்ணன் தேவசகாயம், அதாவது என் வீட்டுக்காரர், எங்கள் இருவரையும் ரயிலேற்றித் திண்டிவனத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் சுப்பராயலு இருந்தார். விழுப்புரத்துக்காரர், சிடுமூஞ்சி, ஆனால் வேலையில் கெட்டி. முட்டிக்கு மேலே எலும்பை அறுத்து, ஆப்புப் போல ஒரு துண்டை எடுத்துவிட்டு, நேராக்கி மாவுக்கட்டுப் போடலாம் என்றார். எங்கே அறுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதை முன்னதாகவே முடிவு செய்தாக வேண்டும். அளவு தப்பினால் வளைவு அப்படியே தங்கிவிடும், அதே இடத்தில் இன்னொரு முறை கை வைக்கத் தனக்குத் துணிவில்லை என்றும் சொன்னார். ஒன்றும் செய்யாமல் விட்டால் சீக்கிரமே நடை நின்றுபோகும்.

சவுரியம்மாள் சம்மதித்தாள். ஆனால் ஆண்பிள்ளை டாக்டர் முன்னால் சேலையை முட்டிக்கு மேல் தூக்கமாட்டேன் என்று ஒரே அடம். கடைசியில் நர்ஸ் ஜெயம் திரைக்குப் பின்னால் அவளை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தாள். சண்டையால் பிலிமுக்குத் தட்டுப்பாடு. கெஞ்சிக் கூத்தாடி மெட்ராசிலிருந்து வாங்கிய பிலிம் என்று ஜெயம் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள்.

மறுவாரம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு ஒரு காகிதக் காலைக் காட்டினார். எக்ஸ்ரே படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து எலும்பை வரைந்து கத்தரித்தது. இடுப்புக் கிண்ணத்திலிருந்து கணுக்காலுக்கு ஒரு கோடு. நல்ல காலில் அது முட்டியின் நடுவே போக வேண்டுமாம், இதில் சற்று வெளியே விலகிப் போனது. டாக்டர் முட்டிக்கு மேலே, உள்பக்கத்தில், நகக்கீற்று அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்து, காகிதத்தை மடக்கி ஒட்டினார். கோடு நடுவுக்கு வந்துவிட்டது. நினைத்ததைவிடச் சின்ன வளைவுதான் என்று அவரே சொன்னார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. நானும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

சவுரியம்மாள் மட்டும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள்:

"ஐயா, இது என் காலு இல்லிங்க."

படம் மாறவில்லை என்று ஜெயம் சீறினாள்.

"படம் என்னுதுதான் சிஸ்டர். பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால நிக்கிற மாதிரி நின்னுக்கினு இருந்தேன். கோணல் தெரியக் கூடாதுன்னு திருப்பி வச்சிக்கினேன். நெசக் கால் இதுங்க."

சொல்லிவிட்டுச் சேலையை முட்டிக்கு மேலே தூக்கினாள். அண்ணன் இருந்தார், நான் இருந்தேன், டாக்டர் இருந்தார். பாதத்தை நேராக வைத்து, முட்டியை நீட்டி, முட்டிச்சில்லு முன்னால் பார்க்க நின்றாள். அரிவாளைப் போல வளைந்திருந்தது அந்தக் கால். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குனியவில்லை. இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் டாக்டர் சின்னத் துண்டை எடுத்திருப்பார், கால் வாழ்நாள் முழுக்கக் கோணலாகவே நின்றிருக்கும்.

பிலிமை வீணாக்கியதற்கு டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் அந்தக் காகிதக் காலைக் கிழித்துப் போட்டார்.

"இப்ப நின்ன மாதிரியே நில்லும்மா. இன்னொரு படம் எடுக்கலாம்" என்றார்.

புதுக் காகிதத்தில் வெட்டிய ஆப்பு, முந்தியதைப் போல இரண்டு பங்கு இருந்தது. ஆபரேஷன் ஆயிற்று. மாவுக்கட்டில் அவள் கிடந்த காலமெல்லாம் அவள் வாய்க்கு மட்டும் கட்டு இல்லை, ஆஸ்பத்திரிக் கஞ்சியையும் விடாமல் குறை சொன்னாள். கட்டைப் பிரித்தபோது வலது கால் அரை விரல்கடை குட்டையாகியிருந்தது. ஆனால் முட்டி நேராக இருந்தது.

அதற்கடுத்த வருஷம் சம்பா நடவு. சவுரியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இறங்கினாள். பாதி வயல்வரை அவள் எங்கே பின்தங்கி நிற்கிறாள் என்று நான் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன், அவளைக் காணவில்லை.

"அண்ணி, இன்னும் அங்கயே நின்னுக்கினு என்னா பண்றீங்க? ஜல்தி வாங்க."

குரல் கரைப் பக்கமிருந்து வந்தது. அவள் கரையேறி, சேற்றுக் காலோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.