ஹுமேராவும் பதில் வராத அழைப்பும்

ஹுமேரா கோட்டைமேட்டுக்காரி. சரவணம்பட்டியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஆப்பில் குறை சொல்லி யாராவது போன் செய்தால் மற்றவர்கள் நழுவுவார்கள். அவள் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பாள். அவள் எழுதிய ஆப் ஒன்று, மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்திலிருக்கும் கால்நடை மருத்துவரை வீட்டுக்கே வரவழைக்கும்.

கிணத்துக்கடவிலிருந்து ஒரு புகார் வந்தது. பட்டனை அழுத்தினால் திரையில் வட்டம் சுற்றுகிறது, யாரும் வருவதில்லை. அலுவலகத்தில் அழுத்திப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. ஹுமேரா பஸ் ஏறி நேரில் பார்க்கவே போய்விட்டாள்.

புகார் சொன்ன சின்னாத்தாள் தென்னந்தோப்புக்குள் மாடு வைத்திருப்பவர். அங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

"கன்னு போட முடியாம மாடு தவிச்சுது அம்மணி. நான் இது சுத்தறதையே பார்த்துட்டு நின்னேன். ஆவாதுன்னு சொல்லியிருந்தா அப்பவே வேற வழி பார்த்திருப்பனே."

கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பைக்கில் போய் டாக்டரை அழைத்து வந்ததில் மாடும் கன்றும் பிழைத்திருந்தன. கன்றைத் தடவிக்கொண்டே நின்ற ஹுமேராவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அவள் ஆப்புக்குச் சொல்லவே இல்லை. சிக்னல் போய் இணைப்பு செத்த பிறகும் ஆப் அந்த இணைப்பையே பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

கொட்டகை ஓரமாகவே லேப்டாப்பைத் திறந்தாள். சில நொடிகளில் பதில் வராவிட்டால் அந்த இணைப்பை மூடிவிட்டு, புதிதாக ஒன்றைத் திறந்து அழைப்பை மறுபடி அனுப்ப வேண்டும்; அதுவும் ஆகாவிட்டால் டாக்டரின் போன் நம்பரைக் காட்ட வேண்டும் என்று மாற்றினாள்.

சில நாள் கழித்து சின்னாத்தாள் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ஒரு மாட்டுக்கு ரெண்டு டாக்டரு வந்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் காப்பி குடுத்துப்போட்டேன். இப்ப யாரைத் திருப்பி அனுப்பட்டும்?"

ஹுமேரா சிரித்துவிட்டாள். பிறகுதான் விஷயம் புரிந்தது. முதல் அழைப்பு, டாக்டரை அனுப்பிவைக்கும் சர்வர் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது; பதில்தான் திரும்பி வரவில்லை. ஆப் மறுபடி அனுப்பியதை சர்வர் இன்னொரு மாடு என்று நினைத்துக்கொண்டது.

"முதல்ல வந்தவங்களே பார்க்கட்டுங்க. இன்னொருத்தருகிட்ட நான் பேசிக்கறேனுங்க" என்றாள்.

அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கே ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் அடையாள எண் வைத்தாள்; மறுபடி அனுப்பினாலும் அந்த எண் மாறாது. அதே எண் திரும்ப வந்தால் சர்வர் இன்னொருவரை அனுப்பாது.

அதற்குப் பிறகு தோப்பிலிருந்து புகார் வரவில்லை. சின்னாத்தாளின் போன் மட்டும் அவ்வப்போது வருகிறது, கன்று என்னென்ன சேட்டை செய்தது என்று சொல்ல.