வாசல் என்றொரு மீன்காரி

உலகத்தில் இல்லாத ஒரு பெண், புதுப்பட்டினத்து மீன் வேனில் இடம் பிடிக்க முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை இந்தக் கேள்வி என் கழுத்தைப் பிடித்தது. முடியும். அவளை உருவாக்கியதே நான்தான்.

அந்த ஊர் மீன்காரப் பெண்கள் ஒரே வேனில் கூடைகளை ஏற்றி நாவலூர் அடுக்ககங்களுக்கு அனுப்புகிறார்கள். இடம் பதிவு செய்ய ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்திருந்தேன். வசதியுள்ளவர் மட்டுமே வண்டியை நிறைத்துவிடக் கூடாதல்லவா? ஆகவே ஒருவருக்கு இரண்டு கூடை என்று விதியும் வைத்தேன். சமூக நீதி!

தளத்துக்குப் பின்னால் இரண்டு சர்வர்கள். முன்னால் நிற்கும் வெப் சர்வர் பாஸ்வேர்டு கேட்டு ஆளை அடையாளம் காணும். உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் சர்வர் இடம் ஒதுக்கும். வந்தவர் யார் என்பதை முன்னது பின்னதற்குச் சொல்ல வேண்டும். முன்னால் நிற்பதற்கு நான் சூட்டிய பெயர் ‘வாசல்’. அது என்ன செய்தது? ஒவ்வொருவரையும் ஒழுங்காக விசாரித்துவிட்டு, உள்ளே தன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது!

முதல் இரண்டு கூடைகளுக்கு ‘வாசல்’ பெயரில் இடம் கிடைத்தது. அப்புறம் வந்தவர்களும் அதே வாசல்தான் என்று எண்ணி, மற்ற எல்லோருக்கும் — ‘உங்கள் அளவு முடிந்துவிட்டது’.

“யாருடி அந்த வாசலு? எந்தூர்க்காரி?” என்று கொதித்தார், மீன் மார்க்கெட்டில் கூடையோடு நின்ற கஸ்தூரி அக்கா. ஓர் அடுக்ககத்தின் விருந்துக்கு வஞ்சிரம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். முதல் பெரிய ஆர்டர். வேன் போய்விட்டால் அதுவே கடைசியும்.

வேன் டிரைவர் முருகன், பதிவுப் பட்டியல் தெரிந்த போனை நீட்டினார். “இதுல இன்னா கீதோ அதான்க்கா ஏத்துவேன். வாசல், ரெண்டு கூட.”

“அது ஆள் இல்லண்ணே, கம்ப்யூட்டரு...” என்றேன்.

“கம்ப்யூட்டரு மீன் விக்குதா?”

கஸ்தூரி அக்கா ஒரு கணம்தான் யோசித்தார். “சரி, நான்தான் வாசலு. ஏத்து நைனா!”

“ஏய், நானுந்தான் வாசலு!” பின்னாலிருந்து இன்னொரு குரல். அப்புறம் மார்க்கெட் முழுக்க வாசல்கள்.

முருகன் சிரித்தபடி எல்லாக் கூடைகளையும் ஏற்றினார். “வண்டில எடம் கீது தம்பி. உன் கம்ப்யூட்டர்லதான் இல்ல.”

வஞ்சிரம் விருந்துக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கோ, சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. பெயரைத் திருத்தினால் மட்டும் போதுமா? வாசலைத் தொடாமல் வேறு வழியாக நேரே உள்ளே போய், ‘நான்தான் கஸ்தூரி’ என்று எவர் சொன்னாலும் அப்ளிகேஷன் சர்வர் நம்பிவிடுமே! முருகன் முகம் தெரிந்து நம்பினார். அதற்கு முகம் தெரியாது.

இப்போது வாசல், நுழைந்தவரின் பெயரைத்தான் உள்ளே சொல்கிறது. அப்ளிகேஷன் சர்வரும் வாசல் சொன்னால் மட்டுமே நம்புகிறது. இரண்டு கூடை விதியை எடுத்துவிட்டேன் — வண்டி நிறைகிற அன்று, யார் கூடை ஏறுவது என்று அந்தப் பெண்களே பேசி முடிவு செய்கிறார்கள்.