கை நீட்டிய திசை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே மூடுபனிக்கு விதி உண்டு, மோதலுக்கு விதி உண்டு, கப்பலில் ஆள் செத்தால் பிணத்தை எந்த வாசல் வழியாக வெளியே கொண்டுபோக வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. பேய் விஷயமாக மட்டும் நான் இருந்த வரைக்கும் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தம் கிடையாது, இதையே இன்னொருவர் எழுதியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாய்மரப் படகுப் பந்தயம் வழக்கமாகத் துறைமுகத்துப் பக்கம், யார் கண்ணிலும் படாமல் நடந்து முடியும். அந்த வருடம் பொதுமக்களும் பார்க்கட்டும் என்று கலங்கரை விளக்கத்துக்கும் சாந்தோம் தேவாலயத்துக்கும் நேரே கடலில் நடத்தத் தீர்மானித்தார்கள். படகு நெரிசலையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ள விதிமுறை தெரிந்த ஓர் ஆள் வேண்டும், அதிலும் சம்பளம் கேட்காத ஆளாக வேண்டும், மந்தைவெளியில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்தார்கள்.

நான் பாதுகாப்புக் குறிப்புகளை எட்டுப் பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தேன். கரையில் போட்ட பந்தலில் அந்தத் தாள்களில் பஜ்ஜி மடித்துக் கொடுத்ததைப் பிறகு பார்த்தேன். பந்தயம் நடக்கும் நேரத்தில் கட்டுமரங்கள் குறுக்கே வராமல் இருக்க நொச்சிக்குப்பத்துக்குப் போய்ப் பேசினேன், மூங்கிலில் சிவப்புத் துணி கட்டி மிதக்கவிடுகிறோம், அதற்குத் தெற்கே வராதீர்கள் என்றேன். அங்கேதான் ஏகாம்பரம் பழக்கமானான். நாற்பது வயதுக்காரன், வாய் ஓயாது. "இன்னா சார், கடலுக்கு கேட் போட சொல்றியா?" என்று கேட்டான். அவனிடம் வெளியில் என்ஜின் மாட்டிய ஃபைபர் படகு ஒன்று இருந்தது, பச்சை வண்ணம் அடித்தது. அதையே ஒரு பாதுகாப்புப் படகாக வாடகைக்குப் பேசினேன். இன்னொரு பாதுகாப்புப் படகு பந்தயம் நடத்துகிறவர்களுடையது. இரண்டிலும் வாக்கிடாக்கி. பந்தயத்தில் ஓடும் சின்னப் படகுகளில் அதெல்லாம் கிடையாது, ஒரு பாய், ஒரு சுக்கான், ஓர் ஆள், அவ்வளவுதான்.

அந்த ஆட்களில் ஒருவன் சுந்தர். எங்கள் அடுத்த தெருப் பையன், நெற்றி மறைய முடி வைத்திருப்பான், தியாகராய நகரில் ஒரு வங்கியில் வேலை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவன் மனைவி உமா கரையில் பந்தலுக்குள் உட்காராமல் வெயிலிலேயே நின்றாள். நான் ஏகாம்பரத்தின் படகில் ஏறப் போகும்போது பக்கத்தில் வந்து, "நீங்க இருக்கேள்ங்கற தைரியத்துலதான் மாமா அனுப்பறேன்" என்றாள். விதிகளை எழுதியவனே நான்தான் என்று பெருமையாக ஏதோ சொன்னேன்.

முதல் சுற்று ஒழுங்காக நடந்தது. இரண்டாவது சுற்றில், பிற்பகல் சாயும் நேரத்தில், வடகிழக்கில் ஒரு கறுப்புப் பட்டை எழுந்தது, அது மழை என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. நடுவர் படகில் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடியை ஏற்றி மூன்று முறை ஊதினார்கள், பந்தயம் ரத்து, எல்லோரும் திரும்பு என்று அதற்கு அர்த்தம். படகுகள் கரையைப் பார்த்து ஓடின, சில கவிழ்ந்தன, கவிழ்ந்தவர்களே நிமிர்த்திக்கொண்டார்கள். நாங்கள் தண்ணீரில் கிடந்த இருவரைத் தூக்கிக் கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டோம். மழை விலகியபோது சுந்தரைத் தவிர எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

தேட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பார்த்துவிட்டோம். கிழக்கே, கவிழ்ந்த படகின் வெள்ளை அடிப்பாகம், அதன் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்குகிறான். ஆபத்தில் இருக்கிறேன் என்பதற்கு உலகம் முழுவதும் உள்ள சைகை அது, காலையில் அவர்களுக்கு நான்தான் செய்து காட்டியிருந்தேன். படகை விட்டு நீந்தாதீர்கள் என்பதையும் சொல்லியிருந்தேன். எட்டுப் பக்கத்தையும் படித்தவன் ஒருவனாவது இருக்கிறானே என்று அந்த நேரத்திலும் ஒரு திருப்தி வந்தது.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். கடலில் ஆள் விழுந்தால், தேடிப் போகும் படகில் ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. எழுந்து நின்று, தண்ணீரில் இருப்பவனை நோக்கிக் கையை நீட்டி, நீட்டியபடியே இருக்க வேண்டும். அலைக்கு நடுவில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும், ஒரு தடவை கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிப்பது அபூர்வம். படகை ஓட்டுபவன் கடலைப் பார்க்க வேண்டாம், அந்தக் கையைப் பார்த்தால் போதும். நான் முன்பக்கம் நின்று ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினேன். ஏகாம்பரம் பின்னால் உட்கார்ந்து என்ஜினை முழு வேகத்தில் விட்டான்.

நம்புங்கள், நம்பாமல் போங்கள், நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம், அவன் பக்கத்தில் வரவேயில்லை. படகு நிற்கவில்லை, தண்ணீர் இரண்டு பக்கமும் கிழிந்து பின்னால் போகிறது, திரும்பிப் பார்த்த ஏகாம்பரம் கலங்கரை விளக்கம் சின்னதாகிவிட்டது என்கிறான். ஆனால் எனக்கும் அந்த வெள்ளைப் புள்ளிக்கும் நடுவே உள்ள தூரம் அப்படியே இருக்கிறது. அவன் கைகள் ஏறுகின்றன, இறங்குகின்றன.

"ஆள் தெரியறானா உனக்கு?" என்று திரும்பாமலே கேட்டேன்.

"தெரியறான் சார். குந்திக்கினு கீறான். கிட்டதான் வரமாட்டேங்கறான்."

  பிறகு சொன்னான்: "சார், காத்து கரைக்கி அடிக்குது. தண்ணி தெக்க இஸ்க்குது. இவன் மட்டும் எப்டி சார் கெயக்க போய்க்கினு கீறான்?"

அதை நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். என் வேலையே அதுதானே. கவிழ்ந்த படகுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, காற்றும் நீரோட்டமும் தள்ளும் பக்கம்தான் அது போகும், அன்று இரண்டும் சேர்ந்து அதை அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். நடுக்கடலுக்கு அது போக வழியே இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும், ஆனால் ஓர் ஆள் உயிரோடு கை அசைப்பதைக் கண்ணால் பார்க்கும்போது, விதிப்படி நீ அங்கே இருக்க முடியாது என்று எப்படி விட்டுவிட்டு வருவது?

அப்போதுதான் வாக்கிடாக்கி கரகரத்தது. இரண்டாவது படகிலிருந்து பேசினார்கள். சுந்தரின் படகு முகத்துவாரத்துக்கு நேரே கிடைத்துவிட்டது, பாயில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டோம், இழுத்து வருகிறோம், ஆள் இல்லை என்றார்கள். பக்கத்திலேயே அவனுடைய லைஃப் ஜாக்கெட் மிதந்ததாம். அதன் நாடாக்கள் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தனவாம்.

"இங்கே படகு மேலே உட்கார்ந்திருக்கிறான், பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் பாயின் எண்ணை இன்னொரு முறை வாசித்தார்கள். பிறகு, "சார், படகு எங்ககிட்ட இருக்கு" என்று மட்டும் வந்தது.

ஏகாம்பரம் என்ஜினைக் குறைத்தான். "கைய எறக்கு சார்."

மாட்டேன் என்றேன். கண்ணை எடுத்தால் அவன் போய்விடுவான் என்றேன். என் தோள் மரத்துப்போய் மரக்கட்டை மாதிரி இருந்தது.

"எண்ணெ தீந்துட்ச்சுன்னா நாமளும் மெதக்க வேண்டிதுதான். எனக்கு மூணு பொண்ணு கீது சார். கைய எறக்கு."

அவன் அதட்டவில்லை, கெஞ்சினான். அதனால்தான் இறக்கினேன் என்று நினைக்கிறேன். இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கடல் காலியாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

கரைக்கு வரும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. உமாவைக் காணோம். குப்பத்துப் பக்கம் போயிருக்கிறாள் என்றார்கள். கொஞ்சம் கழித்து இரண்டு மீனவப் பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள், புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. "பாத்தேளா மாமா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தார் என்றாள். உட்கார்ந்திருந்தான் என்றேன். 

ஒரு வாரம் தேடினார்கள். உடல் எங்கும் ஒதுங்கவில்லை. காவல் நிலையத்தில் ஏகாம்பரம் தெளிவாக, நான் ஒன்றையும் பார்க்கவில்லை, சார் கை காட்டினார், ஓட்டினேன் என்று சொல்லிவிட்டான். எங்கள் இருவரில் உலகம் தெரிந்தவன் அவன்தான். நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "படகு கெடச்சதுக்கு அப்புறமும் அதே படகு மேல உக்காந்திருந்தார்னு எழுதியிருக்கீங்களே சார்" என்றார். ஆமாம் என்றேன். பொய் வாக்குமூலம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

அந்த வாக்குமூலத்தைப் பிடித்துக்கொண்டு உமா வாழ்ந்தாள். பொட்டை எடுக்கவில்லை. படகு தெற்கே கிடைத்த பிறகும் அவர் கிழக்கே உயிரோடு இருந்ததைப் பார்த்த சாட்சி இருக்கிறது என்று மாமியாரிடம் வாதாடினாளாம். ஏதாவது கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கும், எந்த ஊரிலாவது நினைவு தப்பி இருப்பார் என்று சொன்னாள். என்னைத் தெருவில் பார்த்தால் அந்தச் சமயத்தில் பெரிய கப்பல்கள் எந்த வழியாகப் போகும் என்று கேட்பாள். நான் தெரிந்ததைச் சொல்வேன். எந்தக் கப்பலும் அப்படி ஆளை ஏற்றிவிட்டுச் சொல்லாமல் போகாது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

ஓர் ஆளைப் பற்றி ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. ஏழு வருடம் முடிந்ததும் அதற்கு மனுப் போட அவள் அப்பா அவளை எப்படியோ சம்மதிக்க வைத்தார். என் வாக்குமூலம்தான் குறுக்கே நின்றது. அலையிலும் மங்கல் வெளிச்சத்திலும் நான் தவறாகப் பார்த்திருக்கலாம் என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும் என்றார் வக்கீல். அதை எடுத்துக்கொண்டு உமா ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையெழுத்துப் போட்டுவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவள் எனக்கு மகள் வயது, அவளுக்கு ஒரு முடிவு வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்துவிட்டேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா மாமா? இத்தனை நாள் கேக்கல" என்றாள். "அன்னிக்கு எதுக்குக் கரையைப் பாத்துக் கை காட்டிண்டிருந்தேள்?"

நான் கடலைப் பார்த்துத்தான் காட்டினேன் என்றேன்.

"இல்லையே. பந்தல்ல இருந்த பைனாகுலரை வாங்கிப் பாத்தேன். பச்சைப் படகு. அது அந்தண்டைதான் போயிண்டிருந்தது, ஆனா நீங்க இந்தண்டை திரும்பி நின்னுண்டு, நேரா என்னைப் பாத்துக் கையை நீட்டிண்டிருந்தேள். கையை எறக்கவே இல்ல. அவர் கரை ஏறிட்டார், போய்ப் பாருன்னு சொல்றேளாக்கும்னு நெனச்சுண்டுதான் குப்பத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு கட்டுமரமாத் தேடினேன். தலைமுடியெல்லாம் நனைஞ்சு மூஞ்சில விழறது, அதைக்கூட ஒதுக்கிக்காம நீங்க..."

அங்கே நிறுத்திவிட்டாள். அவள் பார்வை என் தலைக்குப் போயிருந்தது. எனக்கு நாற்பது வயதிலேயே முடியெல்லாம் கொட்டிவிட்டது, காதோரத்தில்கூட ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். ஏழு வருடமும் அவள் அதையும் இதையும் சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உமா என் கையிலிருந்த பத்திரத்தை மெதுவாக இழுத்துக்கொண்டாள். நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். கையெழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை, அழவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள்.

"படகுல ரெண்டு பேர்தானே இருந்தேள்?"

"ரெண்டு பேர்தான்" என்றேன்.

"நானும் ரெண்டு பேரைத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பத்திரம் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அவள் இன்னும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள், என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பின்னால் உட்கார்ந்து என்ஜினைப் பிடித்திருந்தவன் ஒருவன், முன்னால் நின்று கையை நீட்டியவன் ஒருவன் என்று அவள் இரண்டே பேரைத்தான் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்திருந்தவன் ஏகாம்பரம். நின்றவன் நான் இல்லை. அப்படியானால் அவள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தப் படகில் இருக்கவில்லை.