நீலப் புள்ளிப் பக்கம்

1953 மே 19, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. கடற்காற்று இன்னும் ஊருக்குள் வரவில்லை. காரைக்காலில் எங்கள் வாசலில் நின்ற பிரெஞ்சுக் காரில் உட்கார்ந்து, கைப்பிடியை நீலப் புள்ளிப் பக்கம் தள்ளினேன். காலடியில் இருந்த ஆறு துவாரங்களிலிருந்தும் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

கார் அடுத்த வீட்டு வியாபாரியுடையது. சைகோனில் பதினான்கு வருஷம் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், வண்டியைப் பிரான்சிலிருந்து கப்பலில் வரவழைத்திருந்தார். முன்பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் சின்ன மின்விசிறி, மேலே ஒரு கைப்பிடி. அதன் ஒரு கோடியில் சிவப்புப் புள்ளி, மறுகோடியில் நீலப் புள்ளி. சைகோனில் ஒரு துரையின் காரில் குளிர்காற்று வாங்கியிருந்த வியாபாரி, இதுவும் அதுதான் என்றார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நானும் நம்பினேன். காற்றைச் சூடாக்குவதற்கு ஒருவன் பெட்டி செய்வான் என்று எங்கள் ஊரில் யாரும் நினைக்க மாட்டார்கள்.

என் மனைவிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நெஞ்சில் நீர் கோத்திருந்தது. நிமிடத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு; நான் கடிகாரம் வைத்து எண்ணுவேன். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்ன எங்கள் ஊர் டாக்டர், “வெக்கை மட்டும் தாங்க மாட்டாங்க, பாத்துக்குங்க” என்றார். காரைக்காலும் புதுச்சேரியும் அப்போது பிரெஞ்சு ஊர்கள், நடுவில் இந்திய மண்; எல்லைச் சாவடி அந்தி சாய்ந்தால் மூடிவிடும், ஆகையால் இரவில் புறப்பட வழியில்லை. எல்லை தாண்டப் புதன்கிழமைக்குப் பாஸ் வாங்கி வைத்திருந்தேன்.

“கண்ணாடிய இறக்கிவிட்டுட்டுப் போயிடலாம் வாத்தியாரே. நா ஓட்டுறேன்” என்றார் வியாபாரி.

“வேணாம் பாய். டாக்டர் வெக்கை ஆகாதுன்னுட்டாரு. சரி பண்ணிட்டுப் போவோம்.”

உள்ளேயிருந்து அவள், “போயிடலாங்க” என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள்.

மெக்கானிக் புதன்கிழமை காலை வந்தார். எஞ்சினிலிருந்து பெட்டிக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தார்.

“ரெண்டும் சுடுது சார். ஒண்ணாச்சும் சில்லுன்னு இருக்கணும். உள்ள அடைச்சிருக்கு, அதான் குளுமை ஏறல.”

குழாய்களைக் கழற்றினார். சலவைச் சோடா கரைத்த தண்ணீரைப் பதினேழு சொம்பு ஊற்றிக் கழுவினார். செங்கல்பொடி நிறத்தில் துரு வந்தது. வெடித்திருந்த குழாய்களுக்குப் பதில் புதிது வேண்டும் என்றார். அது நாகப்பட்டினத்திலிருந்து வியாழன் சாயங்காலம் வந்தது. அதற்குள் பாஸ் தேதி போய்விட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க அலைந்து சனிக்கிழமைக்குப் புதுப் பாஸ் வாங்கினேன்.

குழாய் மாட்டி எஞ்சினை ஓட்டியபோது காற்று முன்னைவிடச் சூடாக வந்தது.

“இப்ப ஓட்டம் சுத்தமா இருக்கு சார். வண்டி ஓட ஓடக் குளுந்துடும்” என்றார் மெக்கானிக். அவர் பொய் சொல்லவில்லை. அவரும் நம்பினார்.

சனிக்கிழமை காலை எட்டே காலுக்குப் புறப்பட்டோம். குளிரும், குளிரும் என்று விசிறியை நிறுத்தாமல் வைத்திருந்தேன். எல்லையில் பூவம் வருவதற்குள் அவள் ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது.

“என்னங்க, அடுப்படியை விட்டுட்டு வந்தோம்னு பாத்தேன். அது நமக்கு முன்னாடி ஏறி உக்காந்திருக்கு” என்றாள்.

வியாபாரி சிரித்தார். நானும் சிரித்தேன். சாவடியில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் நிற்க வைத்து, பெட்டி, மெத்தை எல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். அங்கேதான் விசிறியை நிறுத்தி, அவளுடைய துண்டையும் என் மேல்துண்டையும் துவாரங்களில் திணித்தேன். அப்புறமும் வண்டி ஓடும்போது இடுக்கு வழியாகச் சூடு வந்தது.

புதுச்சேரியில் ஆஸ்பத்திரி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, “புதன்கிழமைதானே வர்றதா எழுதியிருந்தீங்க?” என்று கேட்டார். வண்டி ரிப்பேர் என்றேன். புதன்கிழமையே வந்திருந்தால் எப்படி என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வேறு நோயாளியிடம் போய்விட்டார். பதினோராம் நாள் விடியற்காலை அவள் போய்விட்டாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு ஆஸ்பத்திரி வாசலில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டிப் பென்ஷன் வாங்கும் ஒருவர் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குளிர்காற்று வருவதில்லை என்று அவரிடம் முறையிட்டேன்.

“குளுருமா? ஐயா, இது பனி நாட்டுல கால் வெறைக்காம இருக்க வெச்சது. எஞ்சின் கொதிதண்ணி இதுக்குள்ள வருது. நம்மூருக்கு வந்ததும் மொதல்ல இதை மூடணும். யாரும் சொல்லலியா?”

எஞ்சின் மூடியைத் தூக்கி, குழாய் தொடங்கும் இடத்தில் இருந்த சின்னப் பித்தளைத் திருகை இரண்டு விரலால் திருப்பினார். அரைச் சுற்று. கால் மணி கழித்துக் கையை வைத்துப் பார்த்தேன். வெறும் காற்று வந்தது. அன்று மெக்கானிக் கைபட்ட இடத்திலிருந்து அந்தத் திருகு நான்கு விரற்கடை தள்ளி இருந்தது. அவள் படுக்கைக்குப் போய் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

மெக்கானிக்குக் கூலி பன்னிரண்டு ரூபாய், குழாய்கள் ஒன்பது, சோடா எட்டணா, இரண்டாவது பாஸ் இரண்டு ரூபாய். திருகை மூடியவர் காசு வாங்க மாட்டேன் என்றார். ஒரு அணாவுக்கு டீ மட்டும் குடித்தார். ஆக மொத்தம் இருபத்து மூன்று ரூபாய் ஒன்பது அணா.