வண்டி கேட்ட காபி

வலியுல்லா ஓட்டும் புது வண்டிக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்தில் பைக் உரசினால் கத்தும்; கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். மாடவீதியில் கோடு எங்கே இருக்கிறது, தாண்டாமல் இருக்க? அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அவரைக் கதிகலங்க வைத்தது அந்தக் காபிக் கோப்பை.

கண் அசந்து ஸ்டியரிங் தள்ளாடினால் 'டிங்' என்று மணியடித்து, திரையில் ஆவி பறக்கும் கோப்பை ஒன்று வரும். ஓட்டுகிறவருக்குத் தூக்கம், நிறுத்தி ஓய்வெடு என்று அர்த்தம். விடியற்காலையில் ஐயாவின் நடைப்பயிற்சி, பகலில் மாமியின் பாட்டு வகுப்பு, சாயங்காலம் கச்சேரி, ராத்திரி மகன் ஸ்ரீநாத்துக்கு விமான நிலையம். மனுஷனுக்குத் தூக்கம் வராமல் என்ன செய்யும்? ஆனால் தூங்குமூஞ்சி டிரைவரை, அதுவும் இந்த வயதில், யார் வைத்துக்கொள்வார்கள்?

முதல் தடவை கோப்பை வந்தபோது பின்சீட்டில் காமாக்ஷி மாமி. "இதென்ன, காபியெல்லாம் காட்டறது?"

"காபி டயமாம் மாமி. வண்டி கேக்குது," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

"பேஷ்! நம்மாத்து மனுஷாளைவிட இதுக்கு விவரம் ஜாஸ்தி."

அன்றிலிருந்து டிங் என்றால் லஸ் பக்கத்துக் காபிக் கடையில் வண்டி நிற்கும். மாமிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. மாமி ஆற அமரக் குடித்து முடிப்பதற்குள் அவர் சீட்டில் சாய்ந்து ஒரு குட்டித்தூக்கம் போட்டுவிடுவார். போன உயிர் திரும்பி வரும்.

சனிக்கிழமை ஸ்ரீநாத்தும் முன்சீட்டில் கூட வந்தான். முந்தின ராத்திரி அவனை விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டு, வலியுல்லா ஐஸ் ஹவுஸில் தன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பள்ளிவாசலில் விடியற்காலைப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஆழ்வார்பேட்டை தாண்டியதும் டிங்.

"நிறுத்து, வண்டி காபி கேக்கறது," என்றாள் மாமி.

ஸ்ரீநாத் விழுந்து விழுந்து சிரித்தான். "போம்மா! டிரைவருக்குத் தூக்கம் வரதுன்னு அர்த்தம் அது."

வலியுல்லா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். போச்சு, பிழைப்பு போச்சு! "தூக்கமா? அப்டிலாம் ஒண்ணும் இல்ல சார். ரோடு பூரா பள்ளமா கீது, அதான் ஸ்டியரிங் ஆடிச்சு."

"அதானே, நம்மூர் ரோட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது. சும்மா கத்திண்டே இருக்கும்." ஸ்ரீநாத் திரையில் இரண்டு தட்டு தட்டினான். "ஆஃப் பண்ணிட்டேன்."

அப்பாடா என்று இருந்தது வலியுல்லாவுக்கு. அந்த நிம்மதி திங்கட்கிழமை வரைதான். தவளை தன் வாயால் கெட்ட கதை அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கச்சேரிக்குப் போகும் வழியில் இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. திரையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அழுதுவிடலாம் போல் இருந்தது.

காபிக் கடை பக்கவாட்டில் நழுவிப் போயிற்று.

"நல்லவேளை, அந்தச் சத்தம் ஒழிஞ்சது," என்றாள் மாமி. "உனக்கானா தூக்கமே இல்லை. இத்தனை நாளா வெட்டிக்கு நிறுத்திண்டிருந்தோம் பாரு."

"ஆமா மாமி," என்றார் வலியுல்லா, கண்களை அகல விரித்துக்கொண்டு.