பித்தளைக் குழாயும் என் பாக்கெட் காந்தமும்

சட்டைப் பாக்கெட்டில் ஒரு காந்தம் இல்லாமல் நான் இப்போதெல்லாம் கடைக்குப் போவதில்லை. பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு.

இன்று பம்மலில் ஒரு ஹார்டுவேர் கடை. "சுத்தமான பித்தளை சார், கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்று கடைக்காரர் ஒரு குழாயை நீட்டினார். கண்ணை மூடச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். காந்தத்தை எடுத்து வைத்தேன்.

டக்கென்று ஒட்டிக்கொண்டது.

மனுஷன் அசரவே இல்லை. "இன்னா சார், காந்தம்தான் டூப்ளிகேட்டா கீது. எதுல வெச்சாலும் ஒட்டும். எங்க வாங்கின?"

"போன வாரம் உங்க கடையிலதான் அண்ணா. அலமாரிக் கதவுக்கு."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப காந்தம் ஒரிஜினல்தான்" என்று குழாயைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார்.

ஜெயித்த தெம்பில் வீட்டுக்கு வந்தேன். கை சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்கு மாமனார் சீராகக் கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கிலும் வைத்துப் பார்த்தேன்.

டக்.

"என்னங்க அது சத்தம்?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்கிறாள்.

என்ன சொல்லட்டும்? யாராவது சீக்கிரம் கமெண்டில் சொல்லுங்கள், காந்தம் வேறு கழன்று வர மாட்டேன் என்கிறது.