காலையிலேயே போட்ட டிக்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: டூட்டி டாக்டர். இன்சார்ஜ் சிஸ்டர். கட்டிலில் என் நாத்தனார். தலைமாட்டில் அவள் புருஷன். கதவோரம், கையில் பெட்பேனோடு நான்.

அடுகோடி ஏரியாவில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். நான் அங்கே ஆயா. என் புருஷன் அங்கேதான் செத்தார். பதினாறாம் நாள் காரியத்தில் எல்லார் முன்னாலும் நாத்தனார் கேட்டாள், ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே என் அண்ணனைச் சாகவிட்டாயே என்று. அதோடு பேச்சு நின்றது. மூன்று வருடம். எனக்கும் அவளைப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது.

மத்தியானம் ஆட்டோவில் வந்தாள். அடிவயிற்றில் வலி, மயக்கம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவ என்னைத் தொடக் கூடாது. வேற ஆளே இல்லியா இங்க?"

"தொடல. படு," என்றேன்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். நேற்று பிரியாணி என்றான் புருஷன்.

"கேஸ் டிரபிள்தான். ஒரு இன்ஜெக்‌ஷன் போடறேன். வீட்டுக்குப் போலாம்."

சிஸ்டர் தாளை நீட்டினார். வயிற்று வலி என்று வருகிறவர்களுக்கு ஒரு தாள் உண்டு. பன்னிரண்டு கேள்வி, இங்கிலீஷிலும் கன்னடத்திலும். ஒவ்வொன்றாகக் கேட்டு, டிக் போட்டு, அப்புறம்தான் என்ன வியாதி என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று பெரிய டாக்டர் கொண்டுவந்தது. அவர் வாரம் ஒரு முறை வருவார். டிக் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அதனால் சிஸ்டர் காலையிலேயே ஒரு கட்டுத் தாளை என்னிடம் கொடுத்துவிடுவார். எல்லாக் கட்டத்திலும் நான் டிக் போட்டு வைப்பேன். ஆள் வந்தால் பெயர் எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

நான் ஐந்தாவது வரை கன்னட ஸ்கூலில் படித்தவள். தினம் டிக் போட்டதில் பன்னிரண்டும் மனப்பாடம். ஏழாவது: பிள்ளை பெறும் வயதா, கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தாலும் மூத்திரம் பார்த்தாயிற்றா.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"சார், ஏழாவது கேக்கல," என்றேன்.

"என்னது?"

"யூரின் டெஸ்ட். கர்ப்பமான்னு."

நாத்தனார் வலியோடு எழுந்து உட்கார்ந்தாள். "ஆபரேஷன் பண்ணி ஆறு வருஷம் ஆச்சு. இவளுக்குத் தெரியும். என்னைக் கேவலப்படுத்தணும்னே கேக்கறா சார்."

"அக்கா, நீங்க வெளிய போங்க," என்றான் அவள் புருஷன்.

டாக்டர் சிரித்தார். "சும்னிரம்மா, சும்மா இரு. நீ எப்போ டாக்டர் ஆன? டிக் இருக்கு பாரு. கேட்டாச்சு."

"அது நான் போட்ட டிக் சார். காலையில எட்டு மணிக்கு. அப்ப இவ வீட்ல இருந்தா."

சிஸ்டர் என்னை முறைத்தார்.

"உன் வாய்க்கு இன்னியோட வேலை போச்சு."

"போகட்டும். யூரின் புடிக்க டப்பாவக் குடுங்க."

நாத்தனாரால் நடக்க முடியவில்லை. நானே தூக்கி பெட்பேன் வைத்தேன். அவள் கண் இமைக்குள் ரத்தமே இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

"உன் கை வெளங்காது," என்றாள்.

"சரி. மொதல்ல யூரின் போ."

டெஸ்ட் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது, கர்ப்பம். டாக்டர் இன்னொரு பட்டை கேட்டார். அதிலும் இரண்டு. ஸ்கேனில் வயிற்றுக்குள் ரத்தம். கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பொழுது சாய்வதற்குள் போயிருப்பாள் என்று டாக்டரே சொன்னார், என்னைப் பார்க்காமல். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறுத்தார்கள். பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்தபின் போய்ப் பார்த்தேன்.

"ஆபரேஷன் பண்ணவளுக்கு எப்படிப் புள்ள வந்துச்சுன்னு தெருவே கேக்குது. இப்ப சந்தோஷமா ஒனக்கு?" என்றாள். காபி தரவில்லை. நானும் உட்காரவில்லை.

அந்த வாரம் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். ஆயா தானாகவே டிக் போட்டுவிட்டாள் என்று சிஸ்டர் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் மறுக்கவில்லை. போட்டது என் கை.

"இப்படி எத்தனை தாள்மா?" என்று கேட்டார்.

அலமாரியைத் திறந்தேன். பெயர் எழுதாத தாளைத் தள்ளிவைத்தேன். பெயர் எழுதி, கையெழுத்தாகி, ஆள் வீட்டுக்குப் போய்விட்ட தாள்களை மட்டும் தரையில் பரப்பி எண்ணினேன்.

இருநூற்றுப் பதினாறு.